முந்நூற்றுப் பதினேழு பாடிய கிளிப் பிளேட்டு

கோலார் தங்கவயலில் என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் நான் முந்நூற்றுப் பதினேழு. மாரிகுப்பத்தில் சுரங்க வேலைக்குச் சேர்ந்த அன்றே டைம் ஆபீஸில் ஒரு பித்தளைப் பில்லையைக் கையில் வைத்தார்கள். அதில் அந்த நம்பர் வெட்டியிருந்தது. அதோடு நம் அப்பன் ஆத்தாள் வைத்த பெயருக்கு வேலை முடிந்தது.

துரைமார் வாயில் நம் பெயர்கள் நுழையாது. ஆகவே துரை "நேம்?" என்று அதட்டினால் நிமிர்ந்து நின்று நம்பர், இறங்கும் குழியான ஷாப்ட், ஷிப்ட் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தெரியாத்தனமாகப் பெயரைச் சொல்பவனுக்குத் திட்டு விழும். ஒரே மாதத்தில் பழகிவிடும். என்னைத் தூக்கத்தில் உலுக்கி "நேம்?" என்று கேட்டால்கூட "முந்நூத்திப் பதினேழு, மாரிகுப்பம், டே ஷிப்ட் சார்!" என்று கத்திவிட்டு மறுபடியும் தூங்கிப்போவேன் என்று என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் பாட்டுப் பிளேட்டு வரும் வரைக்கும்தான்.

பூமிக்குக் கீழே நான் கல் வண்டி தள்ளுகிறவன். மேலே வந்தால் கூத்தில் கட்டியங்காரன். ராஜா வேஷம் கட்டும் உயரமும் இல்லை, ராணி வேஷம் கட்டும் மூஞ்சியும் இல்லை. வாய் மட்டும் இருந்தது. கோமாளி வேஷத்துக்கு அது போதும். மேஸ்திரியைக் கிண்டல் பண்ணி, ஆளைக் குழிக்குள் ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டைக் கிண்டல் பண்ணி நானே கட்டிய பாட்டுகள் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கப் பிரசித்தம்.

"கீழே போற கேஜுக்குத் தெரியுமா – என்
கேவுருக் கூழு ஆறிப்போற சேதி?"

இதைப் பாடினால் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள். அவ்வளவு பெருமை அந்தப் பாட்டுக்கு.

பாட்டுக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தபோது யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. முதலில் வந்தது ஒரே ஒரு ஆள், ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் ரப்பர் குழாய்கள். ராபர்ட்சன்பேட்டை சந்தையில் கடை விரித்திருந்தான். குழாயைக் காதில் சொருகிக்கொண்டால் யாரோ கிணற்றுக்குள் இருந்து இருமுவதுபோலக் கேட்கும். அதுதான் சங்கீதம் என்றான். நான் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, "இத்த விட எங்க மேஸ்திரி கொறட்டை தேவலை" என்றேன். சந்தையே சிரித்தது. அந்த ஆள் மட்டும் முறைத்தான்.

ஒரு வருஷம் போனதும் குழாய் போய் வாயகன்ற புனல் வந்தது. பெட்டிக்குள் சுற்றிய மெழுகு உருளை போய்க் கறுப்புத் தட்டு வந்தது. தட்டின் நடுவில் ஒரு கிளிப் படம், கிளியைச் சுற்றிக் கூண்டு. நாங்கள் அதைக் கேஜ் கிளி என்போம். தட்டின் ஒரு பக்கத்தில்தான் பாட்டு, மறுபக்கம் மொட்டை. என் வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பளம்கூட ரெண்டு பக்கமும் பொரியுது. இது இன்னா அரைவேக்காடு?" என்றாள். அவள் சொன்னது சீமைக்கே கேட்டுவிட்டதோ என்னவோ, சில வருஷத்தில் கம்பெனி இரண்டு பக்கமும் பாட்டு ஏற்ற ஆரம்பித்தது. கிளியும் கூண்டைவிட்டு வெளியே வந்து புனல்மேல் உட்கார்ந்துகொண்டது. சந்தையில் கடை விரித்த அதே கம்பெனிக்கு ராபர்ட்சன்பேட்டையில் போர்டு மாட்டிய கடையே வந்துவிட்டது. கல்யாணம் என்றால் நாயனக்காரரைக் கேட்பதற்கு முன்னால் கிளிப் பிளேட்டு உண்டா என்று கேட்கும் காலம் வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அரைவேக்காட்டுக் காலத்துக் கதை. கம்பெனிக்குப் பாட்டுக்காரர்களைப் பிடித்துக் கொடுக்க ஒரு ஏஜெண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். மாரிகுப்பம் திருவிழாவில் என் பாட்டைக் கேட்டுவிட்டு ரயில் டிக்கெட்டைக் கையில் திணித்தார். லீவு கேட்டதற்கு மேஸ்திரி தரமாட்டேன் என்றான். போய்யா என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். பௌரிங்பேட்டையில் வண்டி மாறி பெங்களூர் கண்டோன்மெண்ட் போய் இறங்கும்வரை, கூண்டுக் கிளிக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருப்பதை மனசுக்குள்ளே ஆயிரம் தடவை படித்துவிட்டேன்.

ஒரு பங்களாவில் கூடத்தைச் சுற்றி ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருந்தது. புனலுக்குப் பின்னால் சோப்புக் கட்டி மாதிரி ஒரு மெழுகுத் தட்டு சுற்றும், நாம் பாடுவது அதில் கீறிக்கொள்ளும் என்று ஏஜெண்டு விளக்கினார். மூன்று நிமிஷம்தான். எங்கள் கூத்தில் கட்டியங்காரன் தொண்டையைக் கனைக்கவே மூன்று நிமிஷம் ஆகும்! பாட்டை வெட்டிக் குறுக்கிப் பாட வைத்தார்கள். பாட்டுக் கம்பெனி துரை என் பின்னாலேயே நின்றுகொண்டு, குரல் ஏறும்போது தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பான், இறங்கும்போது முதுகைப் பிடித்து முன்னால் தள்ளுவான். நான் இத்தனை வருஷம் கல் வண்டியைத் தள்ளியதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு என்னைத் தள்ளிவிட்டான்.

பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். மெழுகு கப்பலேறிச் சீமைக்குப் போகும். அங்கே காகிதம் அச்சடிப்பவனுக்கு நம் ஆள் யார் எவரென்று தெரியாது. கடைசியில் கேட்கும் பெயரை வைத்துத்தான் தட்டில் காகிதம் ஒட்டுவான். ஏஜெண்டு இதை எனக்கு நாலு தடவை சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். பாடி முடித்தேன். மூச்சு வாங்கினேன். துரை என் காதருகில் குனிந்து, "நேம்! நேம்!" என்றான்.

நான் விறைத்து நின்றேன். "முந்நூத்திப் பதினேழு! மாரிகுப்பம்! டே ஷிப்ட் சார்!"

மெழுகு தீர்ந்தது. ஏஜெண்டு தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு தட்டில் பாடுகிறேன் என்று கெஞ்சினேன். அடுத்த பாட்டுக்காரி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள், போ போ என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே வைத கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வந்ததும் மேஸ்திரியோடு சண்டை. அந்தக் கோபத்தில் பில்லையைத் தூக்கி டைம் ஆபீஸ் மேஜைமேல் போட்டுவிட்டு, தங்கவயலிலேயே இருந்த பாலகாட் சுரங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே புது லைன், புது நம்பர். என்னுடைய பழைய முந்நூற்றுப் பதினேழை மறு வாரமே குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுரங்கத்தில் அப்படித்தான். ஆள் போனாலும் நம்பர் போகாது.

இப்போது புரிந்திருக்கும் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று.

மெழுகு கப்பலில் போய்ப் பிளேட்டாகத் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. காகிதத்தில் கூண்டுக் கிளிக்குக் கீழே "முந்நூற்றுப் பதினேழு, மாரிகுப்பம்" என்று அச்சு. ராபர்ட்சன்பேட்டை கடைக்காரர் புனலைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துப் போட்டார். ஜனம் ஓடிப் போய் மாரிகுப்பத்து முந்நூற்றுப் பதினேழைத் தேடிப் பிடித்து மாலை போட்டுவிட்டது. அவன் "நான் இல்லீங்க, நான் இல்லீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டானாம். என்ன அடக்கம் பாரு என்று இன்னொரு மாலையும் போட்டார்களாம்.

நான் போய்க் கடைவாசலில் நின்று அந்தப் பாட்டை முழுசாகப் பாடிக் காட்டினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. பிளேட்டைக் கேட்டுக் கத்துக்கினியா?" என்றார். என் பழைய லைன்காரர்களே கைவிட்டுவிட்டார்கள். பிளேட்டில் குரல் மூக்கால் பாடுவதுபோல இருக்கிறதாம், என் குரல் அப்படி இல்லையாம். மூக்கு அந்தப் பெட்டியுடையது ஐயா என்று எத்தனை பேரிடம் சொல்வது?

எனக்காவது போகட்டும். என் வீட்டுக்காரி பாடுதான் பெரும்பாடு. என் புருஷன் பிளேட்டு பாடியிருக்கிறார் என்று அந்த எட்டு மாதமும் பாலகாட் குழாயடியில் பீற்றிக்கொண்டிருந்தாள். இப்போது குடம் வைக்கப் போனாலே, "தோ, பிளேட்டுக்காரி வர்றா, வழி வுடுங்க" என்று சிரிக்கிறார்கள். பொய்க்காரி என்று ஒருத்தி மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அன்று குடத்தைப் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அந்த நம்பரை அழிச்சிட்டு எங்க வூட்டுக்காரர் பேரை எழுதுய்யா!"

கடைக்காரர் பொறுமைசாலி. "இன்னா பேரும்மா?"

என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். "முருகரு கோயில் கீதில்ல... அந்த மலை... அதுக்கு முன்னாடி ஒரு எழுத்து..." என்று விடுகதை போட ஆரம்பித்தாள். கூட்டம் கூடி ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சிரித்தது. நான் என் பெயரை நானே கத்தினேன். சிரிப்புச் சத்தத்தில் அதை யார் கேட்டார்கள்? வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். "ஒரு தபா, ஒரே ஒரு தபா ஒன் பேரு அந்தப் பொட்டில வரணும். அதுவரைக்கும் நான் கொழாயடிக்குப் போவ மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து தண்ணீர் எடுப்பது என் வேலை. எனக்கும் அந்தப் பெயர் எவ்வளவு அவசரம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

குடியாத்தத்துக்காரனை ஒரு கை பார்த்துவிடுவதென்று கிளம்பினேன். ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் பாக்கை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, நான் எத்தினி பேருக்குன்னு சொல்றது? நம்பரு என்னுது, பாட்டு ஒன்னுது. இன்னா பண்ணலாம், நீயே சொல்லு."

அடிக்க ஓங்கிய கையால் பாக்கை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அப்படிப்பட்ட மூஞ்சி அவனுக்கு. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எல்லார் முன்னாலும் பாடிக் காட்டுகிறேன், அப்போதாவது நம்புவார்கள் என்றான். சொன்னபடி பாடினான். அடடா! கேஜ் கயிறு துருப்பிடித்தாலும் அப்படிக் கத்தாது. இரண்டு மாடு அறுத்துக்கொண்டு ஓடிற்று. முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெரியவர், "பாவம், இன்னிக்கி தொண்டை கட்டிக்கினு கீது" என்று அவனுக்குப் பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சண்டை அன்றோடு போயிற்று. அவன் சுரங்கத்தில் சேர்ந்தபிறகுதான் கல்யாணம் கட்டியவன். அவன் வீட்டுக்காரி சோற்றுத் தூக்கோடு ஷாப்ட் வாசலில் நிற்பாள். புருஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் வாசல்காரனிடம் "முந்நூத்திப் பதினேழு" என்பாள். பெயர் சொல்லக்கூடாதே, நம்பர் சொல்லலாமே! அங்கே நிற்கும் பெண்களுக்கெல்லாம் அது ஒரு சௌகரியம்.

அடுத்த வருஷம் கம்பெனி மறுபடி பெங்களூர் வந்தது. முந்நூற்றுப் பதினேழு பிளேட்டு நன்றாக ஓடுகிறது, அவரை உடனே அனுப்பவும், இந்த முறை இரண்டு பக்கமும் பாட வேண்டும் என்று கடைக்காரருக்குக் கடுதாசி. கடைக்காரர் அதை அவனிடம் கொடுக்க, அவன் ஷிப்ட் முடிந்த கையோடு பாலகாட்டுக்கு நடந்தே வந்து என்னிடம் நீட்டினான்.

"போயிட்டு வா அண்ணே. இந்த வாட்டி தொரை இன்னா கேட்டாலும் பேரைச் சொல்லு. மறந்துடாத. அண்ணி கொழாயடிக்குப் போவணும்."

நாலாம் நாள், பூமிக்கடியில் அவன் வேலை பார்த்த லெவலில் பாறை வெடித்து அவன்மேல் விழுந்தது. மேலே கொண்டு வரும்போதே உயிர் இல்லை. பாடைக்கு ஒரு தோள் நான் கொடுத்தேன். கடுதாசி என் இடுப்பில்தான் இருந்தது. மறு வாரம் டைம் ஆபீஸ் அந்தப் பில்லையைத் துடைத்து வேறொருவனுக்குக் கொடுத்தது.

பெங்களூருக்குப் போகத்தான் வேண்டுமா என்று இருந்தது. அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே என்று கிளம்பினேன். கிளம்புவதற்கு முதல் நாள் சாமான் வாங்க நானும் என் வீட்டுக்காரியும் சந்தைக்குப் போனபோது, பிளேட்டுக் கடை ஓரத்தில் அவன் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டு வாணாங்க. கடைசீல ஒண்ணு சொல்லுமே, அத்த மட்டும் வைங்க."

கடைக்காரர் ஊசியைத் தூக்கிக் கடைசியில் வைத்தார். என் குரல் "முந்நூத்திப் பதினேழு" என்றது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அது அவன் குரல் இல்லையென்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவள் அவனைக் கூப்பிட்ட ஒரே வார்த்தை அது. ஷாப்ட் வாசலில் அந்த நம்பருக்கு இப்போது வேறு எவனோ திரும்பிப் பார்ப்பான். என் வீட்டுக்காரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மிளகாய்க்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள், இதைக் கவனிக்கவில்லை.

பெங்களூருக்கு அவளும் வந்தாள். "ஒன்ன நம்ப மாட்டேன். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்றாள். அதே பங்களா, ஆனால் இப்போது நாற்காலி, குடிக்கத் தண்ணீர், மாடிப்படிக்குக் கம்பளம். கம்பெனி வளர்ந்துவிட்டது. துரையும் வேறு ஆள், தள்ளாமல் விரலாலேயே சைகை காட்டினான். என் வீட்டுக்காரியைப் புனலுக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, மூச்சுவிடக் கூடாது என்று ஏஜெண்டு எச்சரித்தார்.

முதல் பக்கத்துக்கு ஒரு பழைய கோமாளிப் பாட்டு. ஒரு சாண் நீளம் அதிகம் பாடிவிட்டேன், பெயர் சொல்வதற்குள் மெழுகு தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி பல்லைக் கடித்தாள். இரண்டாம் பக்கம் பாடி முடித்தேன். இடம் இருந்தது. துரை விரலை நீட்டினான். என் பெயர் நாக்கு நுனியில் இருந்தது, ஆணையாகச் சொல்கிறேன். அந்த நிமிஷம் கடை ஓரத்தில் நின்ற அந்தப் பெண்தான் கண்முன்னால் வந்தாள். "முந்நூத்திப் பதினேழு" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

"அய்யய்யோ, பேரைச் சொல்லுய்யா!" என்று முக்காலியிலிருந்து துள்ளி எழுந்த என் வீட்டுக்காரி, அதோடு நிற்காமல், புனலுக்குள்ளேயே தலையை விட்டு என் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர். அப்பன் பெயரோடு சேர்த்து.

ஏஜெண்டு மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டார். துரை மட்டும் சிரித்தான். குரல் நன்றாக விழுந்திருக்கிறது, இருக்கட்டும் என்றானாம்.

பௌரிங்பேட்டை வரை அவள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நான் வாயைத் தொறந்திருப்பனா? இப்ப ஒன் ஆயுசுக்கு யாரு ஜவாப்பு?" என்று என் தோளில் குத்தினாள். ஊர் வந்ததும் முதல் வேலையாக மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பரிகாரம் செய்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம் நான் தும்மினால்கூட ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிளேட்டு வந்தது. புனல்மேல் உட்கார்ந்த கிளி, தங்க எழுத்து. அச்சடித்தவன் நம்பரைப் பாட்டுக்காரனாகவும் அலறிய குரலை அவன் பெண்டாட்டியாகவும் எடுத்துக்கொண்டு அச்சடித்திருந்தான்: "முந்நூற்றுப் பதினேழும் சம்சாரமும்." என் பெயர் காகிதத்தில் இந்த முறையும் இல்லை! ஆனால் ஊசி கடைசிக்கு வந்ததும் அவள் அலறல் ராபர்ட்சன்பேட்டை முழுக்கக் கேட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைக்காரர் என்னிடம் கைகூப்பினார். பாலகாட் குழாயடிப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். "புருஷன் பேரை ஊரு ஒலகத்துக்கே சொல்லிட்டியேடி!" என்று என் வீட்டுக்காரியைக் கிள்ளினார்கள். அவள் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாளைக்குக் குடம் அவள் எடுப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபிறகுதான் பார்த்தேன். குடியாத்தத்துக்காரன் வீட்டுக்காரி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். இவள் சிரிக்கவில்லை. மெதுவாக என் வீட்டுக்காரியிடம் வந்தாள்.

"அக்கா, நீ பேரைச் சொன்னியே. ஒண்ணும் ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல கண்ணு. தோ, குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எனக்கு இனிமே சொன்னா இன்னா" என்றாள். பிறகு தன் புருஷன் பெயரைச் சொன்னாள். முதல் தடவை வாய்க்குள்ளேயே. இரண்டாம் தடவை, வாசலில் நின்று கூப்பிடுவதைப்போல, சத்தமாக.

அவனோடு சண்டைக்குப் போயிருக்கிறேன், அவன் கொடுத்த பாக்கைப் போட்டிருக்கிறேன், அவனைத் தோளில் சுமந்திருக்கிறேன். அவன் பெயர் இன்னதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.